அடுக்களை நூலும் வரலாறும்

ஒரு வீட்டில் மிகுதியாகப் பயன்பட்ட நூல் எது என்று அறிய விரும்பினால், கண்ணாடிக் கதவிட்ட அலமாரியைப் பார்க்க வேண்டா. அடுக்களைக்குச் சென்று பார்க்க வேண்டும். அட்டை கிழிந்து, ஓரங்கள் மடிந்து, நெய்யும் மஞ்சளும் புளிக்கரைசலும் பட்டுத் தாள் பழுத்துப்போன ஒரு நூல் அங்கே இருக்கும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பல குடும்பங்களில் அந்த நூலின் பெயர் 'சமைத்துப் பார்'. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். சென்னையில் அது முதன்முதலாக வெளிவந்த ஆண்டு 1951.

சமையல் நூலைப் பற்றி வரலாற்றுப் பேச்சா என்று மாணவர்கள் வியக்கலாம். வரலாறு என்றால் அரசர், போர், உடன்படிக்கை, சட்டமன்றம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். கல்வெட்டு ஒரு சான்று என்கிறோம். செப்பேடு ஒரு சான்று என்கிறோம். பழைய காசு கிடைத்தால் ஓடிச் சென்று பார்க்கிறோம். ஒரு நகரத்து மக்கள் நாள்தோறும் என்ன உண்டார்கள், அதை யார் ஆக்கினார்கள், எந்தப் படியால் அளந்தார்கள், எந்த அடுப்பில் ஏற்றினார்கள் என்று கூறும் ஏடும் சான்றுதான். மற்றச் சான்றுகளைத் தேடி நாம் அருங்காட்சியகத்திற்குப் போக வேண்டும். இது நம் வீட்டிலேயே, உப்புச் சாடியின் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த நூலை நான் இரண்டு பருவங்களில் படித்திருக்கிறேன். முதலில், 1970ஆம் ஆண்டையொட்டி, பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது. அக்காலத்தில் சிறுவர் கைக்கு எட்டிய ஏடுகள் சிலவே. 'அம்புலிமாமா' மாதம் ஒருமுறை வரும், 'கண்ணன்' வரும். அவற்றை வாங்கிய அன்றே படித்து முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது? கோடை விடுமுறையின் நீண்ட பிற்பகல்களில் அன்னையார் வைத்திருந்த 'சமைத்துப் பார்' பிரதியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். குழம்பு, கூட்டு ஆகியவற்றை விட்டுவிடுவேன். பட்சணங்களில்தான் என் படிப்பு தொடங்கும். சிறுவன் ஒருவனுக்கு அது கதைநூலேயாகும். முதலில் பொருள்களின் பட்டியல்; அவர்கள் கதைமாந்தர்கள். பிறகு நெருப்பு, கிளறல், பாகு முறியுமோ என்னும் அச்சம். கடைசி வரியில் எல்லாம் தட்டில் கொட்டப்பட்டு, வில்லைகளாகி, கதை சுபமாக முடியும்.

இரண்டாம் முறை படித்தது, பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர். நூல் மாறவில்லை; படித்த கண் மாறியிருந்தது. நாவால் படித்த பக்கங்களை இப்போது வரலாற்று மாணவனாகப் படித்தேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு முறை கற்றுக்கொடுத்தார்கள். எந்தப் பழைய ஏட்டைக் கையில் எடுத்தாலும் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும்: எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? எந்தச் சூழலில் எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்? இந்த நான்கையும் இந்தச் சமையல் நூலிடம் கேட்டுப் பார்ப்போம்.

முதல் வினா, எழுதியவர் யார் என்பது.

தமிழகத்தில் சமையற்கலையை நூலாக எழுதி வைக்கும் எண்ணம் புதியதன்று. சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படையே, வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூலின் முறை வழுவாமல் ஆக்கிய உணவைப் பற்றிக் கூறுகின்றது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையல் முறைகள் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகத்தின் வாயிலாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அச்சுக்கூடங்கள் பெருகிய பிறகு, 'இந்து பாக சாஸ்திரம்' போன்ற நூல்கள் சென்னையில் வெளிவந்தன.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. புகழ்பெற்ற சமையற்காரர்கள் என்று நாம் கூறுவோர் நளனும் வீமனும்; இருவரும் ஆடவர், இருவரும் அரசர் குலத்தினர். ஏட்டில் ஏறிய சமையல் பெரும்பாலும் அரண்மனைச் சமையல், அல்லது புலமையுடைய ஆடவர் தொகுத்த சமையல். நாட்டின் உணவை நாள்தோறும் ஆக்கியவர்களோ பெண்கள். அவர்கள் அறிவு கையிலிருந்து கைக்குச் சென்றது. பத்திரிகைகளில் பெண்களின் குறிப்புகள் சில வந்ததுண்டு என்றாலும், வீட்டில் சமைத்த ஒரு பெண் தம் பெயரை அட்டையில் அச்சிட்டு, இஃது என் கைகண்ட முறை என்று முழு நூலாகத் தருவது எளிதாக நிகழவில்லை.

மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கணவரை இழந்தவர். குடும்பப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. சமையலில் அவருக்கிருந்த தேர்ச்சி உறவினரிடையே பெயர் பெற்றது. வெளியூர் சென்ற உறவுப் பெண்கள் இன்ன பண்டத்தை எப்படிச் செய்வது என்று கடிதம் எழுதிக் கேட்பார்கள்; இவர் விடை எழுதுவார். இப்படித் தனித்தனியே எழுதுவதைவிட நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கியவர் அவருடைய உறவினரும் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர்.

இளைய மாணவர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மயிலாப்பூர்ப் பிராமணக் குடும்பங்களில் கணவரை இழந்த பெண்ணின் நிலை என்ன? விதவை மறுமணத்தைச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது, வழக்கம் ஏற்கவில்லை. மங்கல நிகழ்ச்சியில் அவள் முன்னே வந்து நிற்றல் ஆகாது. உணவிலோ கட்டுப்பாடுகள் பல: ஒரு வேளை உணவு, ஏகாதசிப் பட்டினி, வெங்காயம் போன்றவை விலக்கு. ஆனால் அடுக்களையில் மட்டும் அவளுக்கு இடம் உண்டு. கல்யாண வீட்டுப் பட்சணம் அவள் கையால் உருளும். பந்தியில் அவளுக்கு இலை கடைசியில். சமுதாயம் பொதுவாக இப்படித்தான் இருந்தது.

அதே மயிலாப்பூரில் பிறந்த மற்றொருவரையும் இங்கே நினைவுகூரலாம். சகோதரி சுப்புலட்சுமி குழந்தைப் பருவத்தில் மணம் முடித்துக் குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி, அவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக ஆக்கினார். சுப்புலட்சுமி அம்மையார் அப்பெண்களை அடுக்களையிலிருந்து பள்ளிக்கு அழைத்து வந்தார். மீனாட்சி அம்மாளோ அடுக்களைக்குள் இருந்தபடியே அங்கிருந்த அறிவை அச்சுக்கூடத்திற்கு அனுப்பினார். வழிகள் வேறு. இரண்டிலும், ஊர் ஒதுக்கி வைத்த பெண் ஊருக்கு ஆசிரியை ஆனாள். பட்சணப் பகுதியை மட்டும் புரட்டிய பத்து வயதுச் சிறுவனுக்கு அட்டையில் இருந்த பெயர் வெறும் பெயர். இன்று அந்தப் பெயரே நூலின் முதல் செய்தியாகத் தோன்றுகின்றது.

இரண்டாம் வினா, யாருக்காக எழுதினார் என்பது.

தாயோ மாமியாரோ அருகில் நிற்கும் வரை சமையல் நூல் தேவையில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம் என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நூல் தேவைப்படுகிறது என்றாலே சொல்லித் தருவோர் அருகில் இல்லை என்று பொருள். அவர்கள் ஏன் அருகில் இல்லை?

சென்னை நகரம் விரிந்ததை எண்ணிப் பாருங்கள். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நிலத்தில், 1920களில், தியாகராய நகர் உருவாயிற்று. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு அடையாற்றின் தென்கரையில் காந்தி நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. மாடவீதியில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்களின் மகனும் மருமகளும் தனி வீடு கட்டிக்கொண்டு அங்கே சென்றார்கள். மற்றும் பலர் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் அரசு வேலை, வங்கி வேலை என்று இரயில் ஏறினார்கள். கல்வி கற்று மணம் முடித்த பெண், இரண்டு இரவுகள் இரயிலில் சென்று இறங்கிய ஊரில், அண்டை வீட்டார் மொழியே தெரியாத நிலையில், அடுப்பின் முன்னே தனியே நின்றாள். அவளுக்காக எழுந்தது இந்த நூல்.

அவள் எழுத்தறிந்தவள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. ஆகவே, 'சமைத்துப் பார்' என்று ஏவுவதற்கு, படித்துப் பார்க்கக்கூடிய ஒரு பெண் தலைமுறை முதலில் தோன்றியாக வேண்டியிருந்தது. பெண்கல்வி பரவினால் பெண்கள் அடுக்களையை மறப்பார்கள் என்று அஞ்சியவர்கள் அக்காலத்தில் உண்டு. பெண்கல்வி இல்லாவிடில் அடுக்களை அறிவே அச்சேறியிராது என்று இந்த நூல் காட்டுகின்றது.

கையறிந்ததை எழுத்தாக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள் உணர்வார்கள். பாகு காய்ச்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக் கரைசல் கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், கரைசல் செறிவாகும், செறிவு மிகுந்தால் அதன் கொதிநிலையும் உயரும். இது பௌதிகப் பாடம். ஆனால் நம் அடுக்களைகளில் வெப்பமானி இல்லை. இரண்டு விரல்களுக்கிடையே பாகை வைத்து இழுத்தால் ஓர் இழை வருகிறதா என்று பார்ப்பார்கள். அது கம்பிப் பதம். நீரில் ஒரு சொட்டு விட்டால் கையால் உருட்ட வருகிறதா என்று பார்ப்பார்கள். அது உருட்டும் பதம். விரலே கருவி, கிண்ணத்து நீரே சோதனைச்சாலை. ஒருவர் விரல் அறிந்ததை, அவரைக் கண்ணாலும் காணாத ஒருவருக்கு எழுத்தால் உணர்த்த வேண்டும். அறியாதவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை முன்னரே உணர்ந்து எழுதுவதே பாடநூல் எழுதும் கலை. அந்தக் கலை இந்நூலில் இருப்பதை, பாடம் நடத்தி முடித்த பிறகுதான் என்னால் மதிப்பிட முடிந்தது.

மூன்றாம் வினா, எந்தச் சூழலில் எழுதினார் என்பது.

அளவைகளிலிருந்து தொடங்குவோம். நூல் பிறந்த காலத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் சென்னை அடுக்களையில் வழங்கியது படிக்கணக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக, ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. சென்னைப் படிக்குப் 'பட்டணம் படி' என்றே பெயர். மற்ற ஊர்ப் படிகள் அதனின்று வேறுபடும். பட்டணத்து ஆழாக்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் கொள்ளும். புளி, மிளகாய், வெல்லம் ஆகியவற்றுக்கு எடைக்கணக்கு. பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம், அதாவது சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு.

1956இல் நிறைகளுக்கும் அளவுகளுக்கும் ஒரே தரம் விதிக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்திற்கு வரத் தொடங்கின. 1960களின் தொடக்கத்தில் அவை கட்டாயமாயின. நூல் தோன்றிச் சில ஆண்டுகளிலேயே அதன் அளவைகள் கடைத்தெருவிலிருந்து மறையத் தொடங்கின. ஆனால் வீட்டுப் பித்தளை ஆழாக்கு மறையவில்லை. பள்ளியில் கிராமும் லிட்டரும் மனப்பாடம் செய்த எங்கள் தலைமுறை, வீட்டில் ஆழாக்கால் அரிசி எடுத்தது. அரசாணை ஒரே நாளில் பிறப்பிக்கப்படலாம். அது அடுக்களைக்கு வந்து சேர ஒரு தலைமுறை ஆகிறது. அரசியலும் படியை விடவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய முழக்கம். அவ்வாண்டு மே மாதம் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியது. மெட்ரிக் முறை கட்டாயமாகிப் பல ஆண்டு கழிந்த பின்னரும், மக்கள் பசியைக் கிலோவால் அன்று, படியால்தான் அளந்தார்கள்.

இனி 1951ஆம் ஆண்டையே பார்ப்போம். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்க்காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்த பின்பும் சென்னையில் நீடித்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. 1951 ஜூனில் இந்தியாவுக்கு இருபது இலட்சம் டன் தானியம் வாங்குவதற்காக 19 கோடி டாலர் கடன் வழங்க அமெரிக்கா சட்டம் இயற்றியது. சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை இராஜாஜி நீக்கியது 1952 ஜூனில். எனவே மீனாட்சி அம்மாளின் நூல் வெளிவந்தபோது, மயிலாப்பூர் வீடுகளில் அரிசி, பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுத்த அரிசி.

இதை அறிந்த பிறகு பட்சணப் பக்கங்களைப் புரட்டினால் உள்ளம் வேறு விதமாகத் துடிக்கிறது. நெய்யை ஆழாக்குக் கணக்கில் கேட்கும் இனிப்புகள், அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்திலா அச்சாயின? இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்று இப்போது எண்ணுகிறேன். பண்டம் மிகுதியாக இருக்கும் வீட்டில் கைக்கு வந்தபடி போடலாம். கெட்டால் மறுபடியும் செய்யலாம். பண்டம் அரிதான வீட்டில் ஒரு பிடி மாவும் வீணாகக் கூடாது. அங்கேதான் துல்லியமான அளவு வேண்டும். பங்கீட்டு அரிசியில் பொங்கலிடும் புதுமணப் பெண்ணுக்கு, இவ்வளவுக்கு இவ்வளவு என்று உறுதியாகச் சொல்லும் ஒரு குரல் எத்தகைய துணையாக இருந்திருக்கும்! மேலும், பஞ்சகாலத்தில் ஒரு பண்டத்தைச் செய்யாமலே இருந்துவிட்டால் அதன் முறையும் மறந்துபோகும். நல்ல காலம் வரும்வரை அந்த முறைகளைக் காத்து வைத்த களஞ்சியமாகவும் நூல் இருந்தது.

அடுப்பையும் மறக்கக் கூடாது. பம்பாயில் சமையல் எரிவாயு 1955இல் அறிமுகமாயிற்று; இண்டேன் நிறுவன எரிவாயு 1965இல்தான் கல்கத்தாவில் முதல் வீட்டுக்குச் சென்றது. பிரஷர் குக்கர் உற்பத்தி இந்தியாவில் 1959ஐ ஒட்டி வேரூன்றியது. எனவே 1951இல் 'பருப்பை வேகவைத்து' என்ற இரண்டு சொற்களுக்குள் விறகு பிளப்பதும், ஊதுகுழலால் ஊதுவதும், குமுட்டி அடுப்பில் கரி போட்டு விசிறுவதும், புகையில் கண் கரிப்பதும் அடங்கியிருந்தன. 'நைஸாக அரைத்து' என்றால் அம்மிக்கல். 'மாவாட்டி' என்றால் ஆட்டுக்கல்லின் முன்னே ஒரு மணி நேரம். சிறுவயதில் இந்தச் சொற்களை நொடியில் கடந்து இனிப்புக்குச் செல்வேன். இன்று ஒவ்வொரு வினைச்சொல்லிலும் ஒரு பெண்ணின் தோள்வலி தெரிகின்றது.

பொருள்களின் பட்டியலும் உலக வரலாறேயாகும். நம் வீட்டுச் சாம்பாரைப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இந்தியாவுக்கு வந்தது. புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்தது என்பர் தாவரவியலார். பெருங்காயம் ஆப்கானிஸ்தானம், ஈரான் நாடுகளின் செடிப்பால். அதை இந்தியாவில் பயிரிடும் முயற்சி 2020இல்தான் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் தொடங்கிற்று. இம்மண்ணுக்கே உரியது துவரை. எது பழையது, எது புதியது என்பதை அறிய நம் வீடுகளிலேயே ஒரு வழி உண்டு. முன்னோர்க்குச் செய்யும் திவசச் சமையலில் மிளகாய் இல்லை, மிளகு; உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசு இல்லை, வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு. கடல் கடந்து வந்த காய்கள் விழாவுக்கு வரலாம். மூதாதையர் இலைக்கு வரக்கூடாது. அந்த ஓர் இலையில் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட தமிழ்நாடு இன்னும் சிறிது உயிரோடு இருக்கிறது.

இப்போது நான்காம் வினா. நான்கனுள் கடினமானது இதுவே. நூல் எதைச் சொல்லாமல் விட்டது?

'சமைத்துப் பார்' ஒரு சமூகத்தின் அடுக்களை நூல். தமிழ்ப் பிராமணர் வீட்டு மரக்கறிச் சமையல் அது. ஆசிரியை தாம் அறிந்ததை, தாம் ஆக்கிப் பழகியதை எழுதினார். அறியாததை எழுதாதது நேர்மையே. குறை நூலிடம் இல்லை. அந்த நூலே தமிழ்நாட்டுச் சமையல் முழுவதும் என்று நாம் எண்ணிவிட்டால், அந்தக் குறை படிப்பவரிடம்தான் சேரும்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கடல். அங்கே நொச்சிக்குப்பத்தில் மீனவர் வீடுகள். இன்ன பருவத்தில் இன்ன மீன், எதற்குப் புளி மிகுதி, எதற்குக் குறைவு, எதைக் கருவாடாக்க வேண்டும், எத்தனை நாள் வெயில் வேண்டும் என்னும் அறிவு அங்கே தலைமுறைகளாக இருந்து வருகின்றது. வடக்கே திருவல்லிக்கேணியில் இசுலாமியர் இல்லங்கள். அங்கே நோன்புக் கஞ்சியின் பக்குவம் இருக்கிறது. சாந்தோமில் கிறித்தவக் குடும்பங்களின் பண்டிகைப் பலகாரங்கள் உண்டு. அடையாற்றில் மாளிகை கட்டிய கொத்தனாரும் சித்தாளும் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழுக்கும் ஒரு பதம் உண்டு. அந்தப் பதம் தவறினால் கூழ் கட்டிதட்டும். இவையனைத்தும் ஒரே நகரம், ஒரே காலம், ஒரு கூப்பிடு தொலைவு. இவற்றுள் ஒன்று நூலாயிற்று, பல நூலாகவில்லை.

ஏன் என்று எண்ண வேண்டும். முன்னே கூறிய எழுத்தறிவுக் கணக்கை மறுபடியும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த உறவுப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். ஊக்குவிக்க ஒரு வழக்கறிஞர் குடும்பத்திலேயே இருந்தார். அச்சுக்கூடம் பக்கத்தில் இருந்தது. வாங்குவோர் இருந்தனர். இத்தனையும் கூடிய இடத்தில் அறிவு நூலாகின்றது. இவை கூடாத இடத்தில், அதே அளவு நுட்பமுள்ள அறிவு, அதை உடைய பாட்டியாரோடு சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ போய்விடுகிறது. வரலாற்றில் பெயரில்லாதவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். அவர்களைப் பற்றி எழுத யாரும் உட்காரவில்லை, அவ்வளவே.

இங்கேதான் மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பட்டம் பெற்ற பிறகு செய்யும் வேலையன்று. இந்த விடுமுறையிலேயே செய்யலாம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வயது முதிர்ந்த ஒருவரிடம் செல்லுங்கள். அவர் நன்றாகச் செய்யும் ஒரே ஒரு பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர் செய்யும்போது அருகிலிருந்து பாருங்கள். கண்ணளவாக அவர் அள்ளும் ஒவ்வொரு பிடியையும் பாத்திரத்தில் போடுவதற்கு முன் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் வாங்குகிறார், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு முதல் எரிவாயு அடுப்பு, அதற்கு முன்னே என்ன விறகு, பஞ்ச காலத்தில் இதற்குப் பதிலாக எதைச் செய்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். தாளின் தலைப்பில் அவருடைய முழுப்பெயரை எழுதுங்கள். பாட்டி என்றோ ஆயா என்றோ எழுதிவிட்டுப் போக வேண்டா. தேதியும் ஊரும் குறியுங்கள். ஒரு சான்று ஆயத்தமாகிவிட்டது.

இதை மாணவியர்க்கு மட்டும் சொல்லவில்லை. எங்கள் இளமையில் ஆண்பிள்ளைகள் சமையல் நூலைக் கதையாகப் படிக்கலாம், பட்சணத்தை உண்ணலாம். கரண்டியைத் தொட வேண்டிய கடமை இல்லை. அந்தக் காலம் போய்விட்டது, போனது நன்றே. நூலின் பெயரை இலக்கண மாணவனாகப் பாருங்கள். 'சமைத்து' என்பது வினையெச்சம், முற்றுப் பெறாதது. 'பார்' என்பது ஏவல். முன்னிலையில் இருக்கும் ஒருவரை நோக்கிச் சொல்லப்படுவது. அந்த ஏவலில் ஆண்பால் விகுதியும் இல்லை. பெண்பால் விகுதியும் இல்லை.

ஆகவே நீங்கள் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்களே அடுப்பை மூட்டிச் செய்யுங்கள். சொல்லித் தந்த அந்த முதியவரையே முதல் இலையில் உட்கார்த்திப் பரிமாறுங்கள். அவர் உண்டு பார்த்து, உப்பு ஒரு கல் கூட என்று சொன்னால், தாளில் உப்பின் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.